கப்பல் எந்த ஊரில் முடிகிறது? புக் பண்ணும் முன் ஒரு கேள்வி!

‘4 இரவு, 5 பகல், மூன்று நாடு, சாப்பாடு சேர்த்தி!’ சத்தி ரோட்டில் போனாலும் சரி, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் சரி, இப்போதெல்லாம் ஒரு கப்பல் விளம்பரம் கண்ணில் பட்டுவிடுகிறது. ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானல் என்று கணக்குப் போட்ட நம் வீடுகளில், இன்று ‘குரூஸ்’ என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், சரவணம்பட்டியில் காலை டிபனை முடித்துக் கிளம்பி கப்பல் ஏறுவது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை.

ஏஜென்ட்டிடம் நாம் கேட்கும் கேள்விகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ‘வெஜ் சாப்பாடு கிடைக்குங்களா?’, ‘ரூம்ல ஜன்னல் இருக்குங்களா?’, ‘அம்மாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் உண்டுங்களா?’ ஆனால், பலரும் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. ‘இந்தக் கப்பல் எந்த நாட்டில் முடியுதுங்க?’

இந்த வாரம் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

போன இடத்துக்கே திரும்பாத கப்பல்

கப்பல் பயணத்தில் இரண்டு வகை. ஏறிய துறைமுகத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவது ஒன்று. ஒரு நாட்டில் ஏற்றி, வேறொரு நாட்டில் இறக்கிவிடுவது இன்னொன்று. சிங்கப்பூரில் ஏறி ஹாங்காங்கில் இறங்குவது, பார்சிலோனாவில் ஏறி இஸ்தான்புல்லில் இறங்குவது எல்லாம் இரண்டாவது வகை.

இந்த இரண்டாவது வகை பல சமயம் விலை மலிவாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. கோடையில் ஐரோப்பாவிலும் அலாஸ்காவிலும் ஓடும் கப்பல்கள், குளிர்காலம் வந்தால் ஆசியா, ஆஸ்திரேலியா, கரீபியன் பக்கம் போய்விடும். கப்பல் எப்படியும் போயாக வேண்டும். காலியாகப் போவதற்குப் பதில் குறைந்த விலைக்கு ஆள் ஏற்றிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இப்படிப்பட்ட ‘ஆஃபர்’ நிறைய வரும். ராத்திரி பதினோரு மணிக்குப் பையன் போனில் பார்த்து, ‘அப்பா, பாதி விலைப்பா’ என்று குதிப்பது பெரும்பாலும் இந்த டிக்கெட்டாகத்தான் இருக்கும்.

ஒரு நாள்தானே என்று நினைத்தால்...

‘கப்பல் விட்டு இறங்கி நேரா ஏர்போர்ட் போகப்போறோம். அதுக்கு எதுக்குங்க விசா?’ நியாயமான கேள்விதான். விமானத்தில் மாறும்போது அப்படித்தானே நடக்கிறது! துபாயில் ஒரு விமானம் விட்டு இன்னொன்று ஏறும்போது, பெரும்பாலும் இமிகிரேஷன் பக்கமே போகாமல் உள்ளுக்குள்ளேயே மாறிக்கொள்கிறோம்.

துறைமுகத்தில் அந்த வசதி கிடையாது. கப்பல் நிற்கும் இடம் ஒன்று, விமான நிலையம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரோடு அந்த நாட்டு ரோடு. அந்த ரோட்டில் கால் வைக்க வேண்டுமென்றால் இமிகிரேஷன் அதிகாரி முன்னால் பாஸ்போர்ட்டை நீட்டியாக வேண்டும். நீங்கள் அங்கே இரண்டு மணி நேரம் இருக்கிறீர்களா, இரண்டு வாரம் இருக்கிறீர்களா என்பது அப்புறம். சட்டத்தின் கணக்கில் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள்.

நடுவில் ஒருநாள் நின்று போகும் ஊருக்கும், பயணம் முடியும் ஊருக்கும் விதி வேறுபடுவது இதனால்தான். நியூஸிலாந்தைப் பாருங்கள். கப்பலிலேயே வந்து, ஊர் சுற்றிப் பார்த்து, அதே கப்பலில் திரும்பிப் போகும் பயணிக்கு, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், என்.இஸட்.இ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி போதும். அதே கப்பலை ஆக்லாந்தில் விட்டு இறங்கி, அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்புகிற இந்தியருக்கு முறையான விசிட்டர் விசா வேண்டும். ஒரே கப்பல், ஒரே துறைமுகம். நீங்கள் திரும்பி ஏறுகிறீர்களா, இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

கோவை கவுன்ட்டரில் பாஸ், கப்பல் கவுன்ட்டரில் ஃபெயில்

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். அப்பா மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா டீச்சர். பையனுக்கு சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. திருக்கடையூரில் மணிவிழா முடிந்த கையோடு, ‘இத்தனை வருஷமா எங்கயும் போகலீங்கப்பா’ என்று அப்பா அம்மா பெயரில் சிங்கப்பூர் - ஹாங்காங் கப்பலுக்குப் பணம் கட்டுகிறான். சிங்கப்பூர் விசாவும் வந்துவிடுகிறது.

பீளமேடு விமான நிலையத்தில் சிக்கல் வராது. விமான நிறுவனம் பார்ப்பது, அது உங்களை இறக்கிவிடும் நாட்டுக்குத் தேவையான காகிதத்தை. சிங்கப்பூர் விசா இருக்கிறது, ஏற்றிவிடுவார்கள். ஆனால், கப்பல் கவுன்ட்டரில் பயணத்தில் உள்ள எல்லா நாடுகளையும் பார்ப்பார்கள். கடைசியில் இறங்கும் ஹாங்காங்குக்கு அனுமதி எங்கே என்று கேட்டால், இரண்டு பேரும் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். கப்பல் கிளம்பிவிடும். தேவையான காகிதம் இல்லாமல் ஏற முடியாமல் போனால், கப்பல் நிறுவனங்களின் டிக்கெட் நிபந்தனைப்படி பணம் பொதுவாகத் திரும்ப வராது. விசாவுக்குப் பொறுப்பு பயணியுடையது என்று அதில் பொடி எழுத்தில் இருக்கும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஹாங்காங்குக்கு இந்தியர்கள் தூதரகம் ஏறி இறங்கத் தேவையில்லை. 2017 ஜனவரியிலிருந்து முன்பதிவு முறை ஒன்று இருக்கிறது. ஆன்லைனில், கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். ஏற்கப்பட்டால் அந்தப் பதிவு ஆறு மாதம் செல்லும். ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். வீட்டில் உட்கார்ந்தபடி முடிக்கிற வேலை. கேட்கத் தெரியாததால் மொத்தப் பயணமும் போகும். பதிவு நிராகரிக்கப்பட்டால் முறையாக விசா விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

திரும்பி வரும் கப்பலுக்கும் கணக்கு உண்டு

‘நாங்க போறது சிங்கப்பூர் டு சிங்கப்பூர்தானுங்க, எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை’ என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். விமானத்தில் போய் இறங்கும்போது சிங்கப்பூருக்குள் ஒருமுறை நுழைகிறீர்கள். பினாங்கு, புக்கெட் சுற்றிவிட்டுக் கப்பல் திரும்பும்போது இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் ‘சிங்கிள்’ விசா என்றால், அது முதல் நாளே தீர்ந்துவிட்டது! விசாக் காகிதத்தில் ‘மல்டிபிள்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். துபாயில் ஏறி மஸ்கட், தோஹா போய்த் துபாய்க்கே திரும்பும் கப்பலுக்கும் இதையே கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், வருகை அட்டை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. அது விசா ஆகாது. மலேசியா 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்தது. அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. விசா வேண்டாமென்றாலும் அட்டை வேண்டும். சிங்கப்பூருக்கோ விசாவும் வேண்டும், அட்டையும் வேண்டும்.

வியட்நாமில் இறங்குகிற கப்பல் என்றால் இ-விசா எடுக்கலாம். ஆனால், விண்ணப்பத்தில் எந்த இடம் வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்பார்கள். பழக்கதோஷத்தில் விமான நிலையத்தைக் குறித்துவிடாமல், கப்பல் போய்ச் சேரும் துறைமுகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஐரோப்பா: ஒரு விசா, ஆனால் எத்தனை முறை?

ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் எல்லாம் போகலாம். பார்சிலோனாவில் ஏறி ரோம் பக்கம் இறங்குவது இரண்டு நாடாக இருந்தாலும், விசா ஒன்றுதான். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் இதற்குள் வந்துவிட்டது.

சிக்கல், கப்பல் இந்த வட்டத்தைவிட்டு வெளியே போகும்போது. ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் குஷாதாசிக்குப் போய், மறுபடி கிரேக்கத் தீவுக்கு வந்தால், அது இரண்டாவது நுழைவு. சிங்கிள் விசா போதாது. விண்ணப்பிக்கும்போதே கப்பல் வழித்தடத்தை இணைத்து, மல்டிபிள் என்ட்ரி கேளுங்கள்.

கப்பல் இஸ்தான்புல்லில் முடிகிறதா? துருக்கி விசா தனி. கையில் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசா வைத்திருக்கும் இந்தியர்கள் துருக்கிக்கு இ-விசா எடுக்கலாம். மற்றவர்கள் வழக்கமான விசாவுக்குத்தான் போக வேண்டும். துருக்கியில் இறங்கும் நாளில் அந்த ஷெங்கன் விசா காலாவதி ஆகாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் முடிகிற கப்பல் என்றால், பிரிட்டன் விசா தனியாக வேண்டும். அங்கே ஷெங்கன் செல்லாது.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாளுக்கு முன்னாவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கு சமமாக வந்தால், முதலில் நுழையும் நாட்டிடம்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள் கவனத்துக்கு

மகள் பிரசவத்துக்காகவோ, பேரனைப் பார்த்துக்கொள்ளவோ சியாட்டிலுக்குப் போகும் அம்மா அப்பாக்கள் நம் பகுதியில் நிறையப் பேர். அங்கே லீவு கிடைத்ததும் மருமகன் அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் போடுவார். ‘அமெரிக்க விசாதான் பத்து வருஷத்துக்கு இருக்குதுங்களே’ என்று எல்லோரும் கிளம்புவார்கள்.

அலாஸ்கா அமெரிக்காவில்தான் இருக்கிறது. ஆனாலும் கப்பல் பெரும்பாலும் கனடாவைத் தொடும். 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம்தான் காரணம். வெளிநாட்டுப் பதிவுள்ள கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுப் பதிவுதான். அதனால் சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினாலும், வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் முடிகிற கப்பல்களும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வேலை அனுமதி நீட்டிப்பு கையில் இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால், கப்பலில் அமெரிக்காவைவிட்டு வெளியே போய்த் திரும்புவதைப் பற்றி இமிகிரேஷன் வக்கீலிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

நேர் எதிர்த் திசையில் வருபவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பேரப்பிள்ளைகள், கொச்சியிலோ மும்பையிலோ முடிகிற கப்பலில் வந்தால், ஓ.சி.ஐ. அட்டை அல்லது இந்திய விசா வேண்டும். இந்திய இ-விசாவில் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே நுழைய முடியும். சென்னை, கொச்சி, மும்பை மூன்றும் அதில் உண்டு.

நமக்கு இது புதுசா?

கடல் தாண்டி வேறு நாட்டில் இறங்குவது தமிழர்களுக்குப் புதிதில்லை. ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பின் ‘எம்.வி. சிதம்பரம்’ சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்தது. 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தச் சேவை நின்றுபோனது.

இப்போது மறுபடி நம் கரையிலிருந்து கப்பல் கிளம்புகிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. நாகையில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம், நல்லூர் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பலாலியிலிருந்து விமானத்தில் தமிழ்நாடு திரும்புவது அழகான திட்டம். அதற்கும் இலங்கையின் இ.டி.ஏ. அனுமதி விதியைக் கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்திலேயே பாருங்கள். கப்பலில் ஒருவழி டிக்கெட் என்பதால், திரும்பும் விமான டிக்கெட்டின் நகலையும் கையில் வைத்திருங்கள்.

கப்பலே வழி மாறினால்?

2020 பிப்ரவரியில் ‘வெஸ்டர்டாம்’ கப்பலுக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஹாங்காங்கில் கிளம்பி ஜப்பானின் யோகோஹாமாவில் முடிய வேண்டிய பயணம். கொரோனா அச்சத்தில் ஜப்பான், தாய்லாந்து உள்ளிட்ட நாடுகள் அனுமதி மறுக்க, கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில் துறைமுகம் இடம் கொடுத்தது. அப்போதைய பிரதமர் ஹுன் சென் நேரில் வந்து பயணிகளுக்குப் பூக் கொடுத்தார்.

அவ்வளவு பெரிய சம்பவம் அடிக்கடி நடக்காது. ஆனால் புயல், இயந்திரக் கோளாறு, போர்ச் சூழல் என்று கப்பல் வேறு ஊரில் நிற்பது நடக்கக்கூடியதே. முடியும் நாளிலேயே திரும்பும் விமானத்தைப் போடாமல், ஒருநாள் இடைவெளி விடுங்கள். விசாவிலும் இன்ஷூரன்ஸிலும் முடியும் நாளுக்குப் பிறகு சில நாள் மிச்சம் இருக்கட்டும்.

ஒரு வெள்ளைத்தாள் போதும்

பணம் கட்டுமுன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

* கப்பல் வழித்தடத்தைத் தாளில் எழுதுங்கள். நாள், துறைமுகம், நாடு. விமானத்தில் இறங்கும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.

* ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று எண்ணைப் போடுங்கள். 2 வந்தால் சிங்கிள் விசா உதவாது.

* கடைசி ஊரை வட்டம் போடுங்கள். அந்த நாட்டின் விசா வேலையை முதலில் ஆரம்பியுங்கள். விதியை அந்த நாட்டு அரசுத் தளத்தில் பாருங்கள். போன வருடம் போய்வந்த சித்தப்பா சொன்ன விதி இந்த வருடம் மாறியிருக்கலாம்.

* நடுவில் இறங்கவே போவதில்லை என்றாலும், அந்த ஊர் விசா வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்தையே கேளுங்கள். சில நிறுவனங்கள் எல்லா ஊருக்கும் விசா காட்டினால்தான் ஏற்றும்.

* ‘நாங்க பார்த்துக்கிறோமுங்க’ என்று ஏஜென்ட் சொன்னால், ‘எந்தெந்த நாட்டுக்கு, எத்தனை என்ட்ரி?’ என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள்.

* பாஸ்போர்ட் பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கிளம்பும் நாளிலிருந்து எண்ணாதீர்கள்.

* பெயரைப் பாருங்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட்களில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பது சகஜம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், விசிட் விசாவில் வரும் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துபாயில் ஏறுகிற, இறங்குகிற கப்பல் என்றால் இதை முதலில் விசாரியுங்கள்.

* சில கப்பல்களில் ஏறியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட், விசா நகல்களைத் தாளிலும் போனிலும் வைத்திருங்கள். இறங்குவதற்கு முந்தைய இரவே பாஸ்போர்ட் கைக்கு வந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தத் தாளைப் போடுவதற்கு அரை மணி நேரம் ஆகும். பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தால், ‘விசாவெல்லாம் பாத்தியா கண்ணு?’ என்று கேட்கப் பெரியவர்கள் பலருக்குக் கூச்சம். ஆசையாகச் செய்கிறான், சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். தயங்காமல் கேளுங்கள். கவுன்ட்டரில் நிற்கப்போவது பிள்ளை கிடையாது, நீங்கள். பிள்ளைகளே, அம்மா அப்பா கேட்கும்வரை காத்திருக்காமல், தாளைப் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கூடவே எந்த ஊரில் எந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு வரியும் எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம்: சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?